பழைய மலை வீட்டுப் புகைபோக்கி: இடிப்பதா, பூசுவதா?

ஊட்டியில் 1930-களில் கட்டிய தகரக் கூரை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கணப்பில், அதாவது சுவரிலுள்ள ஃபயர்பிளேஸில், நெருப்பு மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது. கணப்புக்கு மேலே சுவரில் பழுப்புக் கறை படர்ந்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஒரு கொத்தனார் வெளியே முழுக்க சிமெண்ட் பூசி, மேலே ஸ்லாப் போட்டு மூடிவிடலாம் என்கிறார். இன்னொருவர் கூரை மட்டத்துக்கு இடித்துத் தள்ளச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தண்ணீர் எந்த வழியாக வருகிறது, புகை ஏன் மேலே போக மறுக்கிறது, இந்தக் கணப்பை மூட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் தூங்க வைக்கலாமா. மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இப்போதைக்கு இடிக்கவும் வேண்டாம், பூசவும் வேண்டாம். முதலில் மேலேயிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்துங்கள், சுவர் காயட்டும், அப்புறம் புகையைப் பார்க்கலாம். இந்த வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

நான் இருபத்து நான்கு வருஷமாக நீலகிரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கொத்தனாரான என் மாமாவிடம் சித்தாளாகச் சேர்ந்து, பிறகு சிவில் டிப்ளமோ முடித்து மேற்பார்வைக்கு வந்தவன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி சாரத்தின் மேல் நின்று பார்த்தது. தமிழில் 'சிம்னி ரிப்பேர்' என்று தேடினால் சமையலறையில் எண்ணெய்ப் புகை இழுக்கிற மின்சார சிம்னியைப் பற்றித்தான் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்தச் சமையலறை சிம்னிக்கும் உங்கள் கணப்புக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

ஊட்டியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா முதல், அதற்கடுத்த நூறு வருஷத்தில் எழுந்த பங்களாக்கள், எஸ்டேட் வீடுகள், சிறிய குடியிருப்புகள் வரை கணப்பும் புகைபோக்கியும் இல்லாத பழைய வீடு இங்கே குறைவு. வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வேலைத்திறனும் இங்குள்ளவை. கடலோரத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்போ, சமவெளியில் சுட்ட கல் சுண்ணாம்போ மலைக்கு ஏறி வரும். செங்கல்லை உள்ளூரிலேயே சூளை போட்டுச் சுட்டுக்கொள்வார்கள். அந்தச் செங்கல் இன்றைய செங்கல்லைவிட மென்மையானது, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அதை இணைத்த சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிடவும் மென்மை. மழையில் குடித்த தண்ணீரை வெயில் வந்ததும் அந்த இணைப்புகள் வழியாகவே சுவர் வெளியே விட்டுவிடும். தொண்ணூறு வருஷம் அது நின்றதற்குக் காரணம் இந்தக் குடிப்பும் விடுவதும்தான்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கலவை என்று நீங்களே பார்த்துவிடலாம். பரணில் ஏறுங்கள். கூரைக்கு அடியில் புகைபோக்கி பூச்சில்லாமல் வெறும் செங்கல்லாகத் தெரியும். இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவையை வீட்டுச் சாவியால் கீறுங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாவி வழுக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட். சிலர் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்வார்கள், நுரைத்தால் சுண்ணாம்பு என்பார்கள். பழைய சிமெண்ட் கலவையும் நுரைக்கும், ஆகவே அதை நம்ப வேண்டாம். 1930-களின் வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பாகத்தான் இருக்கும், ஆனால் இடையில் யாராவது மேல் பகுதியை மட்டும் சிமெண்டில் திருப்பிக் கட்டியிருக்கலாம். அதனால் பரணிலும் கீறிப் பாருங்கள், வெளியே உச்சியிலும் கீறிப் பாருங்கள்.

சிமெண்ட் பூச்சை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதற்குக் குன்னூரில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன் புகைபோக்கி முழுக்க அழுத்தமாக சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, உள்ளே அறைச் சுவர் ஊறிக்கிடந்தது. நான் போனது மார்ச் மாதம், மூன்று வாரமாக மழையே இல்லை. சுத்தியல் பிடியால் பூச்சைத் தட்டினால் 'டொப் டொப்' என்று கூடாகச் சத்தம் வந்தது. உளியை ஓர் ஓரத்தில் கொடுத்து நெம்பியதும் மூன்றடி நீளப் பூச்சு ஒரே பாளமாகக் கழன்று வந்தது. அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் முகம் தோலுரித்த மாதிரி ஒட்டியிருந்தது. சுவரில் மிஞ்சிய செங்கல்லைக் கையால் தொட்டேன், கிணற்றிலிருந்து எடுத்தது போல ஈரம். விரலால் அழுத்தினால் களிமண்ணாகக் குழைந்தது. நடந்தது இதுதான். சிமெண்ட் பூச்சில் வெயிலுக்கும் குளிருக்கும் மயிரிழை வெடிப்பு விடும். அந்த வெடிப்பு மழைத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும், ஆனால் ஆவியாக வெளியே போகப் பூச்சு விடாது. உள்ளே அடைபட்ட ஈரத்தோடு கரியின் உப்பும் சேர்ந்து, காயும்போது செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தையே தள்ளிவிடும். கொத்தனார்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று வேலை செய்பவர்கள் எல்லாரும் சிமெண்டில் தொழில் கற்றவர்கள், புது வீட்டுக்கு அது சரியாகவும் இருக்கிறது. மென்மையான பழைய செங்கல்லுக்கு அதைவிடக் கடினமான உறை போடுவதுதான் தவறு.

அடுத்து, அறைச் சுவரிலுள்ள அந்தப் பழுப்புக் கறை. இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள், நானும் தொடக்கத்தில் ஏமாந்திருக்கிறேன். கறை என்றாலே கூரையில் ஒழுகல் என்று முடிவு கட்டக் கூடாது. பல பத்தாண்டு விறகும் கரியும் எரித்ததில், புகைபோக்கிக்குள் புகை ஏறும் குழலின் உள்சுவரில் உப்புகள் ஊறியிருக்கும். அவை மெல்ல மெல்ல அறைப் பக்கத்துப் பூச்சுவரை வந்து சேரும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது, மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது போல. மஞ்சு மூடிய நாளில் சுவர் நனைந்து தெரியும், வெயிலடித்தால் காய்ந்துவிடும், ஒழுகல் ஒன்றுமே இருக்காது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கனமழை பெய்த மறுநாளும் பாருங்கள், மழையில்லாமல் மஞ்சு மட்டும் இறங்கிய நாளிலும் பாருங்கள். மழைக்கு மட்டும் கறை பெருகினால் ஒழுகல். மஞ்சுக்கும் பெருகினால் உப்பு. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு, அப்போது ஒழுகலை நிறுத்திய பிறகும் கறை போகாது. மேலே செய்த வேலை வீண் என்று நினைத்துவிட வேண்டாம். உப்பேறிய பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, சில மாதம் அப்படியே திறந்து வைத்து, பிறகு சுண்ணாம்பில் பூச வேண்டும். உப்பின் மேலேயே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் ஆறே மாதத்தில் அது குமிழ் விட்டு உரியும்.

ஒழுகல்தான் என்றால், தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் மூன்றில் ஒன்று. புகைபோக்கியின் தலை, அதாவது குழலின் உச்சி வாயில் வைத்த மண் பானையைச் சுற்றிப் பூசிய மேற்பூச்சு வெடித்திருப்பது முதலாவது. காற்றும் மழையும் அறையும் பக்கத்தில் செங்கல் இணைப்புகள் அரித்துப் பள்ளமாகியிருப்பது இரண்டாவது. தகரக் கூரையும் புகைபோக்கியும் சந்திக்கிற இடம் மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் நான் அதிகம் கோளாறு பார்த்திருக்கிறேன். அந்தச் சந்திப்பில் கலவையை வைத்து அணைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தகரம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும், செங்கல் அவ்வளவு அசையாது. நடுவிலிருக்கும் கலவை ஒரு வருஷத்தில் பிளந்துவிடும். அங்கே வேண்டியது மடித்த தகடு. சுவர் மேல் ஏறி நிற்கும் தகட்டின் மேல் விளிம்பை இணைப்புக்குள் ஓர் அங்குலம் வெட்டிச் செருகி, கீழ்த் தகட்டின் மேல் அது தாராளமாகக் கவிழ்ந்து நிற்க வேண்டும். ஈயத் தகடு சிறந்தது, கிடைக்காவிட்டால் துத்தநாகம் பூசிய கனமான ஜி.ஐ. இரும்புத் தகடு. அலுமினியத் தகட்டை ஈரக் கலவைக்குள் செருகாதீர்கள், சுண்ணாம்பும் சிமெண்டும் அதை அரித்துவிடும். புகைபோக்கி சரிவின் நடுவில் இருந்தால் அதன் மேல்பக்கத்தில் தண்ணீரும் சருகும் தேங்கும். அங்கே இரு பக்கமும் வழிந்தோடுகிற மாதிரி சின்ன முகடு ஒன்று மடித்து வைப்பது அவசியம்.

உறைபனிதான் செங்கல்லை உடைக்கிறது என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், நனைந்த செங்கல் அந்தப் பெருக்கத்தைத் தாங்காது. இது உறுதியான விஷயம். இமயமலையிலும் அமெரிக்க ராக்கி மலையிலும் புகைபோக்கி கெடுவதற்குப் பெரிய காரணமே அதுதான். ஊட்டியில் எவ்வளவு என்பதில் எனக்கு வேறு எண்ணம். இங்கே உறைபனி ஏறக்குறைய நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, தெளிந்த வான இரவுகளில், பள்ளமான பகுதிகளில்தான் அழுத்தமாக விழுகிறது. பகலில் வெயில் வந்துவிடும். நான் பார்த்த சேதத்தில் மழைக்கு முதலிடம், உறைபனிக்கு இரண்டாமிடம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஊறிய செங்கல் காய்வதற்கு முன்னாலேயே உறைபனிக் காலம் வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீடு காந்தல், தலைகுந்தா மாதிரி பனி தேங்கும் இடத்தில் இருந்தால் உச்சிச் செங்கல்லை இன்னும் கவனமாகப் பாருங்கள். இது என் அனுபவ மதிப்பீடுதான், அளந்து சொன்னதல்ல.

வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், அக்டோபரில் வடகிழக்கு. டிசம்பர், ஜனவரியில் செய்தால் புதுக் கலவை இரவில் உறைந்து மாவாகிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்குக் கரணையைக் கீழே வைத்துவிட்டு, சாக்கும் வைக்கோலும் போட்டு மூட வேண்டும். ஏணி சாய்த்துச் செய்கிற வேலையே அல்ல இது. நான்கு பக்கமும் நின்று வேலை பார்க்கும்படி சாரம் கட்டச் சொல்லுங்கள், அந்தச் செலவில் மட்டும் பேரம் பேசாதீர்கள். இணைப்புகளைக் கையுளியால் முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை ஆழமாகக் குடைந்தெடுக்க வேண்டும். கட்டிங் மெஷினைத் தொட விடாதீர்கள், அது செங்கல்லின் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். தூசியைத் துடைத்து, நன்றாக நனைத்து, புதுக் கலவையை இரண்டு தடவையாக அழுத்தித் திணிக்க வேண்டும். வெளிப்புறத்துக்கு நான் பயன்படுத்துவது ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு மணல். செங்கல் தூள், அதாவது சுர்க்கி, சேர்த்தால் ஈரமான காற்றிலும் கலவை இறுகும். வெறும் சுண்ணாம்பு காற்றை வாங்கி மெதுவாகத்தான் இறுகும், மஞ்சுக் காலத்தில் அது போதாது. பழைய முறையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்ப்பார்கள். என் மாமாவும் சேர்ப்பார், பிடிப்பு நன்றாக இருக்கும். அது இல்லாவிட்டாலும் வேலை கெடாது. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். சுண்ணாம்பில் வேலை தெரிந்தவர் கிடைக்கவே இல்லை என்றால், ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு நீற்றின சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற பலவீனக் கலவை வரை ஒத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிச் சிமெண்டைக் கூட்ட வேண்டாம். வேலை முடிந்து ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும்.

தலைப்பகுதிக்கு மட்டும் கான்கிரீட் வைக்கலாம், அங்கே அது பொருந்தும். ஆனால் அது தொப்பி மாதிரி இருக்க வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கம் சரிவு, செங்கல்லைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டல், நீட்டலின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு கீற்றுப் பள்ளம். இந்தப் பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டே சுவருக்குத் திரும்பிவிடும். பானைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் சின்ன இடைவெளி விட்டு, வெப்பம் தாங்கும் கயிறு திணிக்க வேண்டும். பானை சூடேறிப் பெருக்கும், நெருக்கிக் கட்டினால் ஒன்று அது உடையும், இல்லையென்றால் தொப்பி வெடிக்கும்.

இடிக்கச் சொல்பவர் சொல்வதிலும் நியாயம் இருக்கக்கூடிய ஒரு நிலை உண்டு. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கூரைக்கு மேலே நிற்கும் பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், மழை அறையும் பக்கத்து இணைப்புகள் புகையின் கந்தக உப்பால் ஊதிப் பெருத்து மறுபக்கம் தள்ளியிருக்கலாம். அப்படிச் சாய்ந்ததையோ, உச்சிச் செங்கல் கையோடு வருவதையோ பூசிக் காப்பாற்ற முடியாது. உறுதியான வரிசை வரை கழற்றி, நல்ல செங்கல்லைப் பொறுக்கி, அதே அளவில் திருப்பிக் கட்ட வேண்டும். கூரையோடு இடித்து மூடுவது வேறு விஷயம். அதைச் செய்தால் கணப்பு செத்துப்போகும், திரும்பக் கட்ட இன்றைய கூலியில் யாரும் முன்வர மாட்டார்கள். எவ்வளவு சாய்வு ஆபத்து என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சாய்வு கண்ணுக்கே தெரிகிறது என்றால், அதன் அடியிலுள்ள அறையில் படுக்காதீர்கள், நேரில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

இனி புகை. பலர் புகைபோக்கியில்தான் அடைப்பு என்று நினைப்பார்கள். அடைப்பு இருக்கலாம், குருவிக் கூடும் தேனடையும் உதிர்ந்த பூச்சும் நிறைய எடுத்திருக்கிறேன். கண்ணாடியையும் டார்ச்சையும் கணப்புக்குள் நீட்டிப் பார்த்தால், வளைவு இல்லாத குழலில் வானம் தெரியும். ஆனால் அதற்கு முன் ஜன்னல்களைப் பாருங்கள். பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு, சந்தில்லாமல் மூடும் யு.பி.வி.சி. பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட வீடுகளில் இந்தப் புகார் தவறாமல் வருகிறது. நெருப்பு மேலே அனுப்பும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். பழைய ஜன்னல் சந்துகளில் அது வந்துகொண்டிருந்தது, இப்போது வழியில்லை. சமையலறை சிம்னியையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ ஓடவிட்டால் இன்னும் மோசம். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும், ஈடுகட்டக் கணப்பின் குழல் வழியாகவே காற்று கீழே இறங்கும், புகையும் கூடவே வரும். இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஃபேனை நிறுத்தி, கணப்பறை ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்து நெருப்பு மூட்டுங்கள். புகை நின்றால் உங்கள் புகைபோக்கியில் குறையில்லை.

அப்படியும் நிற்காவிட்டால் அடுத்த சோதனை. குளிர்ந்த குழலில் கனத்த காற்று அடைத்துக்கொண்டிருக்கும், முதலில் அதைக் கிளப்ப வேண்டும். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழலின் வாயருகே ஒரு நிமிடம் பிடியுங்கள், பிறகு விறகை மூட்டுங்கள். தொடக்கத்தில் மட்டும் புகைத்த கணப்பு இதிலேயே சரியாகிவிடும். எப்போதும் புகைத்தால், குழலின் குறுக்களவுக்குக் கணப்பின் வாய் பெரிதாக இருக்கலாம். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழலின் பரப்பு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மூன்றடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள வாய் என்றால் 7.5 சதுர அடி, குழலுக்கு முக்கால் சதுர அடி வேண்டும். இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. நெருப்பு எரியும்போது ஒரு தகரத் துண்டைக் கணப்பு வாயின் மேல் விளிம்பிலிருந்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் புகை சட்டென்று நின்று மேலே இழுக்கும். அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த உயரத்துக்கு நிரந்தரமாக ஒரு தகடு பொருத்தலாம், அல்லது தரையில் இரண்டு வரிசை செங்கல் வைத்து நெருப்பையே உயர்த்தலாம். 1796-ல் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி லண்டன் கணப்புகளைச் சரிசெய்தபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான், வாயையும் தொண்டையையும் குறுக்கினார்.

உயரமும் ஒரு காரணமாக இருக்கலாம். கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடியும், பத்தடி தூரத்துக்குள் உள்ள எந்த முகட்டைவிடவும் இரண்டடியும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் விதி, இங்கேயும் அது பொருந்துகிறது. மலையில் இன்னொன்று சேர்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. காற்று லேசாக இருப்பதால் புகைபோக்கி இழுக்கும் விசையும் அதே அளவு குறையும். ஆகவே விதி சொல்லும் அளவு இங்கே குறைந்தபட்சம்தான். வீட்டுக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமோ சைப்ரஸோ கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தால் காற்று அதில் மோதிக் கீழே இறங்கும், காற்றடிக்கும் நாளில் மட்டும் புகைத்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் உயர்த்துகிறேன் என்று செங்கல்லை அடுக்கிக்கொண்டே போகக் கூடாது. பிரிட்டன் விதியில், தனியாகத் தாங்கல் கொடுக்காத புகைபோக்கி கூரைக்கு மேலே நிற்கும் உயரம், பானையையும் சேர்த்து, அதன் குறுகிய பக்கத்தைப் போல நாலரை மடங்கைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் வேண்டுமானால் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி, நெருப்பு மூட்டிவிட்டுத் தூங்கலாமா என்பது. இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். குழலின் உள்ளே சுண்ணாம்புப் பூச்சு இருந்திருக்கும், தொண்ணூறு வருஷத்தில் அது உதிர்ந்து செங்கல் இணைப்புகள் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். மாடி அறை இருந்தாலோ, முதுகோடு முதுகாக இரண்டு கணப்பு இருந்தாலோ, ஒரு குழலின் புகை இன்னோர் அறைக்குள் கசியும். கண்டுபிடிக்க, ஈர இலையும் வைக்கோலும் போட்டு நன்றாகப் புகை கிளப்பி, ஒருவர் மேலே ஈரச் சாக்கால் பானையை மூட, மற்றவர்கள் ஒவ்வொரு அறையிலும் பரணிலும் சுவரோரம் பார்க்க வேண்டும். எல்லா ஜன்னலும் திறந்திருக்கட்டும், ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். பரணில் இன்னொன்றும் பாருங்கள். உத்தரமோ கைமரமோ புகைபோக்கிச் செங்கல்லுக்குள்ளேயே செருகியிருக்கிறதா, செங்கல்லைத் தொட்டுக்கொண்டு கருத்திருக்கிறதா என்று. வருஷக்கணக்கில் சூடு வாங்கிய மரம் புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். புகைபோக்கிச் செங்கல்லின் வெளிமுகத்துக்கும் மரத்துக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். அங்கே கருப்பு தெரிந்தால், சரிசெய்யும் வரை ஒரு நாள்கூட மூட்டாதீர்கள்.

கரியையும் பாருங்கள். திருப்புளியால் குழலின் உள்சுவரைச் சுரண்டினால் பொடியாக உதிர்வது சாதாரணக் கரி. தார் காய்ந்த மாதிரி பளபளப்பாக, கெட்டியாக இருந்தால் அது பற்றி எரியக்கூடியது. எரிந்தால் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்கும், உள்ளே ஆயிரம் டிகிரியைத் தொடும். படிவு 3 மில்லிமீட்டர் சேர்ந்தாலே சுத்தம் செய்துவிட வேண்டும், சேராவிட்டாலும் குளிர்காலத்துக்கு முன் வருஷம் ஒருமுறை. பளபளப்பான படிவு சேர்வதற்கு ஈர விறகுதான் முக்கியக் காரணம். நம் பக்கம் கிடைப்பது வாட்டில் என்கிற சீகையும் கற்பூர மரமும். வெட்டிய புதிதில் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர் இருக்கும், அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இந்த மஞ்சில் அதற்கு ஒரு வருஷமாவது ஆகும். கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடரி இறங்காது. இரண்டு துண்டைத் தட்டினால் மந்தமாகச் சத்தம் வந்தால் ஈரம், கணீரென்று வந்தால் எரிக்கலாம்.

இத்தனையும் சரியானாலும் அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை தெரியவில்லை என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்பெக்யூ கரியை அறைக்குள் கொண்டுபோய்க் குளிர்காயப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தணல் மங்கிக் கரியாகக் கனியும்போதுதான் இந்த வாயு அதிகம், வீட்டில் எல்லாரும் தூங்கப் போகும் நேரமும் அதுதான். தணல் முழுக்க அணைவதற்கு முன் குழல் மூடியைச் சாத்தாதீர்கள்.

கசிவுச் சோதனையில் குழல் தேறவில்லை என்றாலும் கணப்பை இழந்துவிட வேண்டியதில்லை. 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை மேலிருந்து உள்ளே இறக்கி, கீழே மூடிய இரும்பு அடுப்பு ஒன்றை வைக்கலாம். அதே விறகுக்கு அறைக்கு அதிக வெப்பம் கிடைக்கும். எக்காரணத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயைப் புகைக்குழலாக வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், சூட்டில் அது வெடித்துச் சிதறும். ஏற்கெனவே இருந்தால் நீங்களே அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்கு விஷம். கணப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் குழலை இறுக்கி மூடாதீர்கள். மேலே மழை புகாத காற்றுத் தொப்பியும், கீழே அடைத்த சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வலையும் இருக்கட்டும். முழுக்க அடைத்த குழலில் ஈரம் தேங்கி அதே பழுப்புக் கறை திரும்பவும் வரும்.

இதில் உங்கள் வீட்டுக்கு எது எது பொருந்தும் என்பதை இங்கிருந்து என்னால் அறுதியிட முடியாது. சாவியால் கீறிப் பார்ப்பதையும், ஜன்னல் சோதனையையும், கறைக்கு பென்சில் கோடு போடுவதையும் இந்த வாரமே தொடங்கிவிடலாம். சாரம் கட்டுகிற நாளில் உச்சியை நான்கு பக்கமும், தகரம் சேருமிடத்தைக் கிட்டத்திலும் படம் எடுங்கள். பானையின் உள்விட்டம், கணப்பு வாயின் அகலம், உயரம், கூரைக்கு மேலே நிற்கும் பகுதியின் உயரம் ஆகிய நாலு அளவையும் எடுத்து, படங்களோடு இதன் கீழே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.